பழைய கோர் 2 கணினியில் ஃப்ரீஆர்டிஓஎஸ்: ஒரு செக்கன் ஏன் பதினொரு செக்கன் ஆகிறது?

பரந்தன்_வாத்தி | சனி, இரவு 8.10

எல்லாருக்கும் வணக்கம். கதை கொஞ்சம் நீளம், பொறுத்துக்கொள்ளுங்கள்.

கிளிநொச்சியில் சனிக்கிழமைகளில் உயர்தரப் பிள்ளைகள் ஒன்பது பேருக்கு ஒரு வகுப்பு நடத்துகிறேன். பாடத்திட்டத்தில் இல்லாத சாமான்கள்: மைக்ரோகன்ட்ரோலர் (ஒரே சிப்பில் அடங்கிய குட்டிக் கணினி), சி மொழி, ஒப்பரேட்டிங் சிஸ்டம் உள்ளே எப்படி ஓடுகிறது என்பது. கையில் இருப்பது இரண்டே இரண்டு எஸ்டிஎம்32 போர்டு. இரண்டு போர்டைச் சுற்றி ஒன்பது பேர் நின்றால் நாலு பேர் வயரைத் தொடுவார்கள், மற்ற ஐந்து பேரும் ஃபோனைத் தொடுவார்கள்.

அதே அறையில் ஓர் அலுவலகம் கழித்துவிட்ட ஏழு கணினிகள் தூசி பிடித்துக் கிடக்கின்றன. எல்லாவற்றிலும் கோர் 2 டுவோ ஈ7500 என்று ஒட்டியிருக்கிறது. ஜி41 சிப்செட் மதர்போர்டு, 2 ஜிபி ரேம். ஹார்ட் டிஸ்க் பாதிக்கு மேல் செத்துப்போயிற்று. ஆனால் பின்பக்கம் சீரியல் போர்ட்டும் பிரின்டர் பூட்டுகிற பரலல் போர்ட்டும் இருக்கின்றன. காலையில் போட்டதும் முக்கால்வாசி ‘எஃப்1 ஐ அமத்து’ என்று கேட்டுக்கொண்டு நிற்கும், அமத்தினால் ஓடும். வேறு குறை சொல்ல ஏலாது.

சரி, ஃப்ரீஆர்டிஓஎஸ்ஸை (மைக்ரோகன்ட்ரோலருக்கென்று எழுதிய, நேரம் தவறாமல் வேலை செய்யவேண்டிய குட்டி ஒப்பரேட்டிங் சிஸ்டம்) இதிலேயே ஓட்டிப் பார்ப்போம் என்று இறங்கினேன். அதன் கரு மூன்றே சி கோப்புகள்: டாஸ்க்ஸ், கியூ, லிஸ்ட். மற்றதெல்லாம் அந்தந்தச் சிப்புக்கு எழுதும் ஒட்டு வேலை. மூலக்கோப்புகளுக்குள் ‘ஐஏ32 ஃபிளாட்’ என்று ஒரு கோப்புறை இருக்கிறது. இன்டெல்லின் கலிலியோ இரண்டாம் தலைமுறைப் போர்டில் இருந்த குவார்க் எக்ஸ்1000 சிப்புக்கு எழுதியது. அதிலிருந்து கலிலியோவுக்கு மட்டும் உரியதைக் கழற்றிவிட்டு, பென் டிரைவில் கிரப் (கணினியைப் போட்டதும் கேர்னலை ஏற்றிவிடும் புரோகிராம்) போட்டு, அதற்குத் தெரிந்த மல்டிபூட் முறையில் ஏற்றுகிறேன்.

முதல் மூன்று கிழமை ‘மல்டிபூட் தலைப்பு இல்லை’ என்று கிரப் முகத்தைத் திருப்பிக்கொண்டே இருந்தது. தலைப்பு கோப்பின் முதல் 8192 பைட்டுக்குள் இருக்கவேண்டும். நான் வைத்துத்தான் இருந்தேன். யாரும் கூப்பிடாத பகுதி என்று லிங்கர் (கம்பைல் ஆன துண்டுகளை ஒரே கோப்பாக ஒட்டுவது) அதைக் குப்பையில் போட்டிருக்கிறது! லிங்கர் ஸ்கிரிப்டில் ‘கீப்’ போட்டதும் ஏறியது.

இப்போது பிரச்சினை இதுதான். பரலல் போர்ட்டின் முதல் டேட்டா வயரில் ஒரு எல்ஈடி. ஒரு டாஸ்க் (ஃப்ரீஆர்டிஓஎஸ் மாறி மாறி ஓட்டும் வேலைகளில் ஒன்று) அதை ஒரு செக்கனுக்கு ஒருமுறை மாற்றவேண்டும். மாற்றுகிறது, ஆனால் பதினொரு செக்கனுக்கு ஒருமுறை. ஃபோன் ஸ்டாப்வாட்ச் வைத்துப் பார்த்தோம், ஏறக்குறைய அல்ல, சரியாகப் பதினொன்று. மடிக்கணினியில் க்யூஈஎம்யூவில் (ஒரு கணினி மாதிரி நடிக்கும் புரோகிராம்) ஓட்டினால் கிட்டத்தட்ட மூன்று செக்கன். மடிக்கணினி பழசு, அதுதான் இழுக்கிறது என்று விட்டிருந்தேன்.

கன்ஃபிக் கோப்பில் சிபியு கிளாக் 2933000000 என்று கொடுத்திருக்கிறேன். 32 பிட்டுக்குள் கொள்ளாமல் வழிகிறதா?

குளக்கட்டு | சனி, இரவு 8.52

தலையைச் சுற்றி மூக்கைத் தொடுவது என்றால் இதுதான்.

அந்தக் கணினியில் டெபியன் போடுங்கள். ஃப்ரீஆர்டிஓஎஸ்ஸுக்கு லினக்ஸுக்குள் ஒரு சாதாரண புரோகிராம் போல ஓடுகிற பொசிக்ஸ் வடிவம் இருக்கிறது, விண்டோஸுக்கும் ஒன்று இருக்கிறது. பிள்ளைகள் டாஸ்க் எழுதலாம், கியூ எழுதலாம். அது போதாதென்றால் ஈஎஸ்பி32 மைக்ரோகன்ட்ரோலர் போர்டு நாலு வாங்குங்கள். உங்கள் கோர் 2 பெட்டி சும்மா இருக்கவே அறுபது வாட்டுக்குக் கிட்ட இழுக்கும். வவுனிக்குளப் பக்கம் என் வீட்டில் சோலரில்தான் எல்லாம் ஓடுகிறது, அந்த அறுபது வாட்டில் நான் ஒரு ராத்திரி முழுக்க ஃபேன் போடுவேன்.

பரந்தன்_வாத்தி | சனி, இரவு 9.15

அண்ணை, கரண்ட் கணக்குச் சரி, அதில் வாதாட வரவில்லை.

பொசிக்ஸ் வடிவத்தைப் போன வருசமே காட்டினேன். ஒரு பிள்ளை கேட்டாள்: “சேர், இந்த டாஸ்க்கை நிப்பாட்டி மற்றதைத் தொடங்கச் சொல்கிறது ஆர்?” நான் “லினக்ஸ் ஒரு சிக்னல் அனுப்பும்” என்றேன். “அப்ப லினக்ஸுக்கு ஆர் சொல்கிறது?” என்றாள். அதற்குப் பதில் சொல்லத்தான் இவ்வளவும். டைமர் சிபியுவைக் குறுக்கிட்டு நிறுத்துகிற அந்த இன்டரப்ட் வருகிற இடத்தைப் பிள்ளைகள் தங்கள் கண்ணால் காணவேண்டும். லினக்ஸுக்கு மேலே நின்றால் அது தெரியாது.

காட்டுமல்லி | சனி, இரவு 10.40

குளக்கட்டு அண்ணை சொன்னது பாதி சரி, ஆனால் கேள்விக்குப் பதில் அது இல்லையே.

வாத்தி, வழியவில்லை. குறியில்லாத 32 பிட்டின் எல்லை 4,294,967,295. உங்கள் 2,933,000,000 அதற்குள் அடங்கும். வழிந்திருந்தால் இப்படி வடிவான ஒரு எண் வராது, கண்டபடிதான் வரும். சரியாகப் பதினொன்று வருகிறது என்றால் அது பிழை இல்லை, துப்பு.

ஈ7500 இன் பஸ் 1066 என்று போட்டிருப்பார்கள். அது ஒரு துடிப்புக்கு நாலு தடவை தரவு அனுப்புவதால் வந்த எண், உண்மையான பஸ் கிளாக் 266.67 மெகாஹெர்ட்ஸ். சிபியு அதைப் பதினொன்றால் பெருக்கித்தான் 2933 ஆக ஓடுகிறது. நீங்கள் பாவிக்கும் டைமர் சிபியுவுக்குள் இருக்கிற லோக்கல் ஏபிக் டைமர். கோர் 2 இல் அது சிபியுவின் வேகத்தில் எண்ணாது, பஸ் கிளாக்கில் எண்ணும். ஆனால் அந்தக் கோப்புறையின் கோட் சிபியு கிளாக்கை 16 ஆல் வகுத்து, டிக் வீதத்தால் (செக்கனுக்கு எத்தனை டைமர் இன்டரப்ட் என்பது) வகுத்து அப்படியே டைமரில் போடுகிறது. கலிலியோவுக்கு அந்தக் கணக்கு. உங்கள் மெசினில் பதினொரு மடங்கு பெரிய எண் போய் உட்கார்ந்திருக்கிறது.

க்யூஈஎம்யூவும் மெதுவாக ஓடவில்லை. அதன் ஏபிக் டைமர் 1 கிகாஹெர்ட்ஸில் எண்ணும். 2933 ஐ 1000 ஆல் வகுத்தால் 2.93. உங்கள் ‘கிட்டத்தட்ட மூன்று’ வந்துவிட்டதா?

பரந்தன்_வாத்தி | சனி, இரவு 10.58

அக்கா!! இரண்டு எண்ணும் முகத்துக்கு முன்னாலேயே இருந்திருக்கிறது. நான் மூன்று நாள் ஸ்டாக்கைத் தோண்டிக்கொண்டிருந்தேன்.

அப்படியென்றால் 266666666 என்று மாற்றிவிடவா?

காட்டுமல்லி | சனி, இரவு 11.20

மாற்றினால் இந்த மெசினில் ஓடும். அடுத்த மெசினில் வேறு சிபியு இருந்தால் திரும்பவும் இங்கே வந்து நிற்பீர்கள். மைக்ரோகன்ட்ரோலர்காரர் எல்லாரும் கணினிக்கு வரும்போது விடுகிற முதல் பிழை இது. எஸ்டிஎம்32 இல் கிறிஸ்டல் என்ன, டைமர் எந்த முகவரியில் இருக்கிறது, எல்லாம் டேட்டா சீட்டில் பக்கம் போட்டு எழுதியிருக்கும். கணினியில் அப்படி ஒருவரும் எழுதித் தரமாட்டார்கள். பூட் ஆகும்போது கேட்கவேண்டும், இல்லாவிட்டால் அளக்கவேண்டும்.

அளக்க ஒரு மாறாத அளவுகோல் வேண்டும். அது 8254 என்ற பழைய டைமர். 1981 இல் வந்த முதல் ஐபிஎம் பிசியில் 8253 இருந்தது, அதன் வழிவந்தது இன்றைக்கும் சிப்செட்டுக்குள் குந்திக்கொண்டிருக்கிறது. வேகம் செக்கனுக்கு 1193182. இது என்ன விசித்திரமான எண் என்று பிள்ளைகள் கட்டாயம் கேட்பார்கள். அமெரிக்கக் கலர் டிவியின் சிக்னலுக்கென்று மலிவாகக் கிடைத்த 14.31818 மெகாஹெர்ட்ஸ் கிறிஸ்டலைத்தான் ஐபிஎம்காரர் போட்டார்கள். அதைப் 12 ஆல் வகுத்தால் இந்த எண். கிளிநொச்சியில் உங்கள் எல்ஈடி மின்னப்போவது அமெரிக்க டிவிக் கணக்கில்.

செய்முறை: 8254 இன் இரண்டாம் சனல், அதாவது பழைய ஸ்பீக்கருக்குப் போகிற சனல். ஹெக்ஸ் 61 போர்ட்டில் பூச்சிய பிட்டால் அதைத் திறக்கலாம், ஐந்தாம் பிட்டில் முடிந்ததா என்று பார்க்கலாம். அதில் 11932 போட்டால் 10 மில்லிசெக்கன். தொடங்கும்போது ஏபிக் டைமரை உச்ச எண்ணில் வைத்துவிட்டு, முடியும்போது எவ்வளவு குறைந்திருக்கிறது என்று கழித்துப் பாருங்கள். 16 ஆல் வகுத்து ஓடும்போது உங்கள் ஈ7500 இல் 166,667 க்குக் கிட்ட வரவேண்டும்.

இன்னொன்று. பழைய 8259 இன்டரப்ட் சிப்பை என்ன செய்தீர்கள்? பயாஸ் (மதர்போர்டில் பதிந்திருக்கும் தொடக்க புரோகிராம்) அதை எட்டாம் எண்ணிலிருந்து வைத்திருக்கும். புரொடெக்டட் மோடில் எட்டு என்றால் டபுள் ஃபோல்ட், அதாவது பிழைக்குள் பிழை. முழுக்க மூடிவைத்தாலும் இருந்துவிட்டு ஒரு பொய் இன்டரப்ட் அனுப்புகிற பழக்கம் அதற்கு உண்டு. ஆகவே முதலில் ஹெக்ஸ் 20 க்குத் தள்ளிவைத்து, பிறகு ஹெக்ஸ் 21 இலும் ஏ1 இலும் எல்லா பிட்டையும் 1 ஆக்கி மூடுங்கள்.

மூன்றாம்_வாய்க்கால் | ஞாயிறு, காலை 7.05

அறிவியல் நகரில் பொறியியல் படிக்கிறேன், இரண்டாம் வருசம். நானும் சேர்ந்து செய்து பார்க்கலாமா? ஒரு சந்தேகம்: கோர் 2 டுவோவில் இரண்டு கோர். மற்றது என்ன செய்கிறது?

காட்டுமல்லி | ஞாயிறு, காலை 8.30

நித்திரை கொள்கிறது தம்பி. முதல் கோர் ஏபிக் வழியாக எழுப்பும்வரை எழும்பாது. ஃப்ரீஆர்டிஓஎஸ்ஸின் 11 ஆம் பதிப்பிலிருந்து பல கோர் வசதி இருக்கிறது, ஆனால் இந்தக் கோப்புறை ஒற்றைக் கோருக்கு எழுதியது. நித்திரையைக் குழப்பவேண்டாம்.

பரந்தன்_வாத்தி | அடுத்த சனி, மாலை 4.45

ஒரு செக்கன் ஒரு செக்கனாயிற்று!

முறிகண்டிப் பிள்ளையாருக்குத் தேங்காய் உடைக்காமல் தொடங்கியதுதான் பிழை என்று ஒரு பொடியன் பகிடி விட்டுக்கொண்டிருந்தான். இனி அவனுக்கு வாய் இல்லை.

அளந்த கணக்கு: ஆறு மெசினில் 166,650 க்கும் 166,680 க்கும் இடையில். ஏழாவதில் 125,000 அளவில். கோட்டில் பிழை என்று மூன்று தடவை ஓட்டினோம், அதே எண். பிறகு பெட்டியைத் திறந்து, ஹீட்சிங்கைக் கழற்றி, பழைய பேஸ்டைத் துடைத்துப் பார்த்தால் உள்ளே இருப்பது ஈ7500 இல்லை, பென்டியம் ஈ5400! அதன் பஸ் 800, கிளாக் 200. பெட்டிக்கு வெளியே ஸ்டிக்கர் மட்டும் கோர் 2. யாரோ எப்போதோ சிப்பை மாற்றியிருக்கிறார்கள். அக்கா சொன்னதைக் கேட்காமல் 266666666 என்று எழுதியிருந்தால் அந்த மெசினோடு இன்னொரு மூன்று நாள் மல்லுக்கட்டியிருப்பேன்.

குளக்கட்டு | அடுத்த சனி, மாலை 5.10

இதை ஒத்துக்கொள்ளவேண்டும். சிப்பு மாறியதை டைமரை வைத்துப் பிடித்தது நல்ல வேலை.

ஆனால் கேட்கிறேன், எல்ஈடி மின்னினாயிற்று. வெப்பநிலை பார்க்க, மண் ஈரம் பார்க்க என்ன செய்வீர்கள்? அந்தப் பெட்டியில் ஏடிசி (வோல்ட்டை எண்ணாக மாற்றுவது) இல்லையே.

பரந்தன்_வாத்தி | அடுத்த சனி, மாலை 5.22

...ஒரு ஆர்டுயினோவைச் சீரியல் போர்ட்டில் கொழுவி, அது வாசித்து அனுப்பும்.

குளக்கட்டு | அடுத்த சனி, மாலை 5.23

மைக்ரோகன்ட்ரோலர் இல்லாத குறைக்குக் கணினி, கணினியில் இல்லாத குறைக்கு மைக்ரோகன்ட்ரோலர். நல்லாயிருக்கு. 😄

மூன்றாம்_வாய்க்கால் | அடுத்த சனி, இரவு 9.00

வாத்தி சேரின் கோட்டை எடுத்து என் மடிக்கணினியில் கம்பைல் பண்ணினேன். க்யூஈஎம்யூவில் கேவிஎம் (மடிக்கணினியின் சிபியுவிலேயே நேரே ஓட்டும் வசதி) போட்டால் ஓடுகிறது. கூட்டாளி வீட்டுப் பழைய கோர் 2 இல் போட்டால் பூட் ஆனதும் நிற்கிறது. சீரியலில் ‘எக்செப்ஷன் 6’ என்று மட்டும் வருகிறது. சேர் கம்பைல் பண்ணித் தந்த கோப்பு அதே மெசினில் ஓடுகிறது!

காட்டுமல்லி | அடுத்த சனி, இரவு 9.12

ஆறு என்றால் தெரியாத கட்டளை. ஜிசிசி கம்பைலருக்கு ‘மார்ச் நேட்டிவ்’ என்று கொடுத்தீர்களா?

மூன்றாம்_வாய்க்கால் | அடுத்த சனி, இரவு 9.14

ஓம்... வேகமாக ஓடும் என்று வாசித்தேன்.

காட்டுமல்லி | அடுத்த சனி, இரவு 9.25

உங்கள் மடிக்கணினிக்கு வேகம். கம்பைல் பண்ணுகிற மெசினின் சிப்புக்கே உரிய கட்டளைகளை அது போடும், கோர் 2 க்குப் பிறகு வந்தவை கோர் 2 க்குத் தெரியாது. எஸ்எஸ்ஈ (ஒரே தடவையில் பல எண்களைக் கணக்கிடும் கட்டளைகள்) தெரியும், ஆனால் சிஆர்4 ரெஜிஸ்டரில் அதற்குரிய பிட்டை ஒப்பரேட்டிங் சிஸ்டம் போடாவிட்டால் அதுவும் ஆறுதான். இங்கே ஒப்பரேட்டிங் சிஸ்டம் நீங்கள்தான், வேறு ஆர் போடுவது? அதை எடுத்துவிட்டு ‘ஐ686’ என்று கொடுங்கள்.

பனிக்குள்_வன்னியன் | ஞாயிறு, காலை 6.40

தம்பிமார், தூரத்திலிருந்து ஒரு கிழவனின் குறுக்கீடு. டொரொண்டோவில் இருக்கிறேன், சொந்த இடம் நெடுங்கேணி. இருபது வருசத்துக்கு மேல் தொழிற்சாலைக் கட்டுப்பாட்டுக் கருவிகளோடு மாரடித்தவன்.

இரண்டு விஷயம். ஒன்று, இந்த வழி பழைய பயாஸ் மெசின்களுக்குத்தான். பயாஸுக்குப் பதில் யுஈஎஃப்ஐ வருகிற புதிய மெசினில், பழைய திரை நினைவகமான ஹெக்ஸ் பி8000 இல் எழுத்தைப் போட்டால் திரையில் ஒன்றும் வராது, சீரியல் போர்ட்டும் அநேகமாக இருக்காது. அங்கே போவதென்றால் ஜெஃபிர் என்ற இன்னொரு ஆர்டிஓஎஸ்ஸைப் பாருங்கள். 2016 முதல் லினக்ஸ் ஃபவுண்டேஷனின் கீழ் இருப்பது, எக்ஸ்86 ஐ ஒழுங்காகப் பார்க்கிறார்கள், ஈஎஃப்ஐ கோப்பாகவே கட்டித் தரும். வகுப்புக்கு மூன்று கோப்புக் கேர்னல்தான் நல்லது என்பதையும் ஒத்துக்கொள்கிறேன். ஜெஃபிரைத் திறந்து காட்டினால் பிள்ளைகள் வீட்டுக்குப் போய்விடுவார்கள்.

இரண்டாவதுதான் முக்கியம். தலைப்பில் ஆர்டிஓஎஸ் என்று போட்டிருக்கிறீர்கள். ஆர்டி, அதாவது ‘ரியல் டைம்’, என்ற இரண்டு எழுத்தையும் அளக்காமல் சொல்லக்கூடாது. டிக் இன்டரப்ட் ஒவ்வொன்றும் வரும்போது சிபியுவின் துடிப்புகளை எண்ணும் டிஎஸ்சி எண்ணியை வாசியுங்கள். செக்கனுக்கு ஆயிரம் டிக் என்றால் இரண்டு டிக்குக்கு இடையில் 2,933,000 அளவில் இருக்கவேண்டும். ஒரு மணித்தியாலம் ஓடவிட்டு, ஆகக்கூடிய இடைவெளி எவ்வளவு என்று இங்கே எழுதுங்கள். சராசரி வேண்டாம். சராசரியை வைத்து ஒரு மெசினையும் காப்பாற்ற ஏலாது.

பரந்தன்_வாத்தி | புதன், இரவு 10.15

ஐயா, அளந்தேன். நெஞ்சு திக்கென்றது. ஒவ்வொரு சில டிக்குக்கும் இடைவெளி ஒரு மில்லிசெக்கனைத் தாண்டுகிறது. சிலது இரண்டு.

காட்டுமல்லி | புதன், இரவு 10.31

அளவை எங்கே பிரின்ட் பண்ணுகிறீர்கள்? இன்டரப்டுக்குள்ளேயா?

பரந்தன்_வாத்தி | புதன், இரவு 10.33

ஓம்.

காட்டுமல்லி | புதன், இரவு 10.44

115200 வேகத்தில் ஓர் எழுத்து போக 87 மைக்ரோசெக்கன். சீரியல் சிப்பின் 16 பைட் வரிசை நிரம்பிய பிறகு ஒவ்வொரு எழுத்துக்கும் காத்திருக்கிறீர்கள். பன்னிரண்டு எழுத்துக்குக் காத்திருந்தால் ஒரு மில்லிசெக்கன் போயிற்று. அளக்கிற ஆளே வழியை மறித்துக்கொண்டு நிற்கிறார். இன்டரப்டுக்குள் ஆகக்கூடியதை ஒரு மாறியில் மட்டும் வையுங்கள், ஆகத் தாழ்ந்த முன்னுரிமை டாஸ்க் ஒன்று ஆறுதலாக எடுத்து எழுதட்டும்.

பரந்தன்_வாத்தி | வியாழன், இரவு 9.50

திருத்தியாயிற்று. இப்போது பெரும்பாலும் மூன்று, நாலு மைக்ரோசெக்கனுக்கு மேல் விலகவில்லை. ஆனால் இருந்துவிட்டு ஒன்று 200 மைக்ரோசெக்கனுக்கு மேல் பிந்துகிறது. என் கோட்டில் இன்டரப்டை மூடுகிற இடங்கள் எல்லாவற்றையும் பார்த்துவிட்டேன், ஒன்றும் அவ்வளவு நேரம் மூடவில்லை. டாஸ்க் எல்லாவற்றையும் எடுத்துவிட்டு வெறும் ஐடில் டாஸ்க்கை மட்டும் ஓடவிட்டேன், அப்போதும் வருகிறது. ஒன்றுமே செய்யாத மெசின் 200 மைக்ரோசெக்கன் எங்கே போய் வருகிறது?

பனிக்குள்_வன்னியன் | வெள்ளி, காலை 5.20

இதைத்தான் எதிர்பார்த்தேன். கீபோர்டு யுஎஸ்பியா?

பரந்தன்_வாத்தி | வெள்ளி, காலை 5.48

ஓம் ஐயா. ஆனால் நான் யுஎஸ்பி டிரைவர் ஒன்றும் எழுதவில்லை. ஹெக்ஸ் 60 போர்ட்டை வாசித்தால் எழுத்து வருகிறது, பழைய பிஎஸ்2 கீபோர்டு மாதிரியே.

பனிக்குள்_வன்னியன் | வெள்ளி, காலை 6.30

நீங்கள் டிரைவர் எழுதவில்லை, ஆனாலும் யுஎஸ்பி கீபோர்டு பிஎஸ்2 மாதிரி நடிக்கிறது. அப்படியென்றால் டிரைவரை ஓட்டுவது ஆர்? அன்றைக்கு அந்தப் பிள்ளை கேட்டதும் இதே கேள்விதான்.

பயாஸ். பூட் ஆனதோடு பயாஸின் வேலை முடிந்தது என்று எல்லாரும் நினைப்பார்கள். முடியவில்லை. எஸ்எம்எம் என்று சிபியுவில் ஒரு மோட் இருக்கிறது, 386எஸ்எல் காலத்தில் மின்சாரம் மிச்சம் பிடிக்க வந்தது. சிப்செட் ஓர் எஸ்எம்ஐ (அந்த மோடுக்குள் போகச் சொல்லும் இன்டரப்ட்) கொடுத்தால் சிபியு செய்துகொண்டிருக்கிற எதையும் அப்படியே விட்டுவிட்டு, உங்கள் கண்ணுக்கே தெரியாத ஒரு நினைவகத்துக்குள் போய், பயாஸ்காரன் எழுதிவைத்ததை ஓட்டிவிட்டுத் திரும்பும். இன்டரப்டை மூடுகிற உங்கள் சிஎல்ஐ கட்டளை அதைத் தடுக்காது. ஃப்ரீஆர்டிஓஎஸ்ஸுக்கு நேரம் போனதே தெரியாது. டிஎஸ்சி மட்டும் எண்ணிக்கொண்டே இருக்கும், அதனால்தான் பிடிபட்டது. கோர் 2 க்கு அடுத்து வந்த நெஹாலெம் சிப்பில் இருந்து எத்தனை எஸ்எம்ஐ வந்தது என்று காட்ட ஓர் எண்ணி வைத்தார்கள். கோர் 2 இல் அதுவும் இல்லை. உங்களுக்கு இந்த இடைவெளிதான் சாட்சி.

வயல் உங்கள் பெயரில் உறுதி எழுதியிருக்கிறது, ஆனால் வாய்க்கால் கதவின் திறப்பு வேறு ஓர் ஆளிடம். எப்போது திறப்பான், எப்போது பூட்டுவான் என்று உங்களிடம் கேட்கமாட்டான். கேர்னலைக் கொண்டுவருவது ஒரு மாத வேலை தம்பி. அந்தத் திறப்புக்காரனோடு வாழப் பழகுவதுதான் கணினியில் மிச்ச வேலை.

பயாஸுக்குள் போய் ‘யுஎஸ்பி லெகசி சப்போர்ட்’ என்றதை நிறுத்துங்கள். கீபோர்டு பிஎஸ்2 ஒன்று தேடிப் பிடியுங்கள். முழுக்கப் போகாது, வெப்பம் பார்க்க, ஃபேனைத் திருப்ப என்று சில மெசின் எஸ்எம்ஐ பாவிக்கும். ஆனால் பெரியது போய்விடும். போகாத மெசினில் இயந்திரம் ஒன்றையும் கொழுவவேண்டாம்.

குளக்கட்டு | வெள்ளி, காலை 7.15

இதைத்தான் நான் முதலிலேயே வேறு மாதிரிச் சொன்னேன். எஸ்டிஎம்32 க்குள் இப்படி ஒரு திறப்புக்காரன் இல்லை.

காட்டுமல்லி | வெள்ளி, காலை 9.40

சரி அண்ணை, ஆனால் எஸ்டிஎம்32 ஐ மட்டும் பார்த்த பிள்ளைக்கு அப்படி ஒருவன் இருக்கிறான் என்பதே தெரியவராதே. வாத்தியின் வகுப்புக்கு இந்த 200 மைக்ரோசெக்கன்தான் ஆக நல்ல பாடம் என்பேன்.

பரந்தன்_வாத்தி | சனி, மதியம் 1.30

பரந்தனில் தெரிந்த ஒருவரிடம் பிஎஸ்2 கீபோர்டு ஒன்று இரவல் வாங்கி ஏழு மெசினுக்கும் மாற்றி மாற்றிப் பூட்டினோம். லெகசி சப்போர்ட்டை நிறுத்தியதும் ஆகக்கூடிய விலகல் ஒன்பது மைக்ரோசெக்கனுக்கு இறங்கிற்று. ஏழிலும்! பிள்ளைகள் ஒவ்வொருவரும் ஒரு மெசினின் எண்ணைக் கொப்பியில் எழுதிக்கொண்டு போனார்கள். ஐயாவுக்கும் அக்காவுக்கும் மெத்தப் பெரிய நன்றி. இழையை மூடலாம்.

பரந்தன்_வாத்தி | அதற்கடுத்த சனி, காலை 10.05

மூடவேண்டாம். திரும்ப வந்துவிட்டது. ஐந்து மெசினில் 200 க்கு மேல், இரண்டில் மட்டும் பழையபடி ஒன்பது. கோட்டில் ஓர் எழுத்துக்கூட மாற்றவில்லை, அதே பென் டிரைவ், அதே கீபோர்டு. சூடா? நேற்றிரவு மழை, அறை குளிராகத்தான் இருக்கிறது.

மூன்றாம்_வாய்க்கால் | அதற்கடுத்த சனி, காலை 10.20

சேர், அந்த ஐந்திலும் ஒரே பயாஸ் பதிப்பா? மற்ற இரண்டும் வேறா?

பரந்தன்_வாத்தி | அதற்கடுத்த சனி, காலை 10.37

பார்த்தேன், ஏழும் ஒன்றுதான்.

மாங்குளம்_திருத்தகம் | அதற்கடுத்த சனி, காலை 11.02

வணக்கம். புரோகிராம் ஒன்றும் எனக்கு விளங்காது, மாங்குளம் சந்தியில் கணினி திருத்துகிற ஆள். இழையைச் சும்மா வாசித்துக்கொண்டு வந்தேன்.

முதல் பதிவில் ‘முக்கால்வாசி எஃப்1 ஐ அமத்து என்று நிற்கும்’ என்று எழுதியிருக்கிறீர்கள். எத்தனை மெசின்? ஐந்தா?

பரந்தன்_வாத்தி | அதற்கடுத்த சனி, காலை 11.06

ஐந்து.

ஐயோ.

மாங்குளம்_திருத்தகம் | அதற்கடுத்த சனி, காலை 11.15

மதர்போர்டில் பயாஸ் அமைப்புகளைக் காக்கிற பற்றரி செத்துப்போயிற்று. வகுப்பு முடிய மெயின் சுவிட்சை நிறுத்திவிட்டுப் போவீர்கள், அடுத்த சனி வரும்போது பயாஸ் எல்லாம் மறந்து பழையபடி. திகதியும் பாருங்கள், 2009 ஓ 2010 ஓ என்று காட்டும். நீங்கள் நிறுத்திய யுஎஸ்பி அலுவல் தானாகவே திரும்பப் போட்டிருக்கும். சிஆர்2032 ஐந்து வாங்கிப் போடுங்கள், மணிக்கூட்டுக் கடையிலும் கிடைக்கும். வாங்கும்போது மீற்றரில் பிடித்துப் பாருங்கள், 3 வோல்ட்டுக்குக் குறைந்தால் எடுக்கவேண்டாம்.

இன்னொன்று, கேட்காமலே சொல்கிறேன். பரலல் போர்ட்டில் ரிலேயை நேரே கொழுவிப் போட்டு மதர்போர்டு எரிந்து வந்ததுகள் இரண்டு இங்கே கிடக்கின்றன. எல்ஈடிக்கு ரெசிஸ்டர் போட்டால் காணும். ரிலே என்றால் நடுவில் யுஎல்என்2803 டிரைவர் சிப் ஒன்று போடாமல் தொடவேண்டாம்.

பனிக்குள்_வன்னியன் | அதற்கடுத்த சனி, இரவு 7.50

இருபது வருச அனுபவம் என்று நான் அளந்ததையெல்லாம் திருத்தக்காரத் தம்பி ஒரு எஃப்1 இல் முடித்துவிட்டார். அந்த வரியை நானும்தான் வாசித்தேன்.

பரந்தன்_வாத்தி | திங்கள், இரவு 8.20

ஐந்து பற்றரியும் போட்டாயிற்று. திகதி 2009 ஜனவரி 1 என்றுதான் நின்றது. மெயின் சுவிட்சை ஒரு ராத்திரியும் ஒரு பகலும் நிறுத்திவைத்துப் பார்த்தேன். இன்று ஏழும் பத்துக்குள். எஃப்1 கேட்கவும் இல்லை. பிள்ளைகளுக்குத்தான் சனிக்கிழமை வந்ததும் அமத்த ஒன்றும் இல்லாமல் கை துருதுருக்கப்போகிறது.

கடைசியாக ஒரு கேள்வி: பிஎஸ்2 கீபோர்டு இன்னும் ஆறு வேண்டும். கிளிநொச்சிக் கடைகளில் கேட்டால் சிரிக்கிறார்கள். யாரிடமாவது சும்மா கிடக்கிறதா?

மாங்குளம்_திருத்தகம் | திங்கள், இரவு 8.41

ஒரு பெட்டி நிறையக் கிடக்கிறது, எலி கடிக்காத நாலு எடுக்கலாம். காசு வேண்டாம். வியாழன் காலை வவுனியாவிலிருந்து யாழ்ப்பாணம் போகிற பஸ்ஸில் கண்டக்டரிடம் கொடுத்துவிடுகிறேன், நம்பரைத் தனிமடலில் அனுப்புகிறேன். கிளிநொச்சி பஸ் ஸ்டாண்டில் நின்று வாங்குங்கள். ஒன்றில் ‘ல’ கட்டை இறுகும், அதை ஏழாவது மெசினுக்குப் போடுங்கள்.

குளக்கட்டு | திங்கள், இரவு 9.10

மற்ற இரண்டும் என்னிடம் இருக்கிறது. வெள்ளி கிளிநொச்சிக்கு வருகிற வேலை இருக்கு, கொண்டுவருகிறேன். அந்த எல்ஈடியையும் ஒருக்கால் காட்டுங்கள்.